ஏணி, நான்காம் பாகம்

முதல் படத்தில் அர்மாஸ் விழப் பதினெட்டு ஃபிரேம் ஆனது.
எனக்குத் தெரியும், வெட்டி ஒட்டியவள் நான்.
ஒரே வாளி. வெள்ளைச் சாயம்.
தம்பெரேயில் அந்தக் குளிர்காலம் முழுக்க
டிக்கெட் கிழிக்கிற ஆள்கூட
அந்த நிமிஷத்துக்குச் சரியாக உள்ளே வந்து
கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போவான்.

இரண்டாவதில் வாளி இரண்டு.
மூன்றாவதில் ஏழு, கூடவே ஒரு தபால்காரர்,
ஒரு கல்யாண கேக்.
இப்போது வெசா
சாயம் நிரப்பிய லாரியையே வாடகைக்கு எடுத்திருக்கிறார்.
"பெரிசா விழணும், சிர்க்கா" என்கிறார் என்னிடம்,
விழப்போவது நான் என்பதுபோல.

யானைக்கும் அடி சறுக்கும், சரி.
அதே படியில் நாலு தடவை சறுக்கினால்
அதற்குப் பெயர் ஒப்பந்தம்.

இரவு இரண்டு மணி. ஹீட்டர் முனகுகிறது.
அர்மாஸுக்கு அறுபத்து மூன்று,
இடது முழங்காலுக்குள் டைட்டானியம்.
ஏணி சாய்வதற்கு நான்கு ஃபிரேம் முன்னாலேயே
அந்த முழங்கால் மடிந்துகொள்கிறது.
இரண்டு ஃபிரேமை யாருக்கும் தெரியாமல் உருவிவிடலாம்.
மிச்சம் இரண்டு நிற்கும்.
அந்த இரண்டில்
சிரிப்பு மல்லாந்து கிடக்கிறது, ஈ மொய்க்க.

தெரிந்துபோனால் சிரிப்பு வராது என்றுதான்
இத்தனை வருஷம் சொல்லித் திரிந்தேன்.
ஆனால் என் தங்கை மகள் வேன்லா
அந்த முதல் படத்தை ஒரே விடுமுறையில்
இருபது முறை பார்த்தாள்.
ஏணி திரைக்குள் வருமுன்பே
சோபாவைக் குத்திக்குத்திச் சிரித்தாள்.
அவளுக்குத் தெரியும். சோபாவுக்கே தெரியும்.
அர்மாஸுக்கு மட்டும்
இருபதாவது முறையும் தெரியவில்லை.

அதுதான் போல.
நமக்குத் தெரியலாம்,
கால்களுக்குத் தெரியக் கூடாது.

மூன்று மணிக்கு, தூக்கிப்போட்ட துண்டுகளுக்குள்
கேமராவை நிறுத்த மறந்த ஒன்று கிடைத்தது.
பிஸ்பலா சரிவு, பனி, காத்திருக்கும் ஏணி.
அர்மாஸ் வருகிறார். பார்க்கிறார்.
ஏணியும் அவரைப் பார்ப்பதுபோல்தான் இருக்கிறது.
அவர் திரும்பி
விறகுக் கொட்டகையைச் சுற்றி
முழங்கால் பனியில் புதைந்து புதைந்து
மறுபக்கமாக வந்து சேருகிறார்.
தொப்பியைக் கழற்றி
ஏணிக்கு ஒரு வணக்கம் வைக்கிறார்.
ஏணி அசையவில்லை.
நாற்பத்தோரு விநாடி. வேறொன்றும் நடக்கவில்லை.

ஒரு வெட்டுகூட இல்லாமல் அதைச் சேர்த்தேன்.
லாரியை எடுத்தேன். வெசா திரும்ப வைத்தார்.
நான் எடுக்க, அவர் வைக்க,
கடைசியில் இரண்டும் இருந்தன.

கொக்கோலாவில் முதல் காட்சி, பாதி அரங்கு.
அர்மாஸ் கொட்டகையைச் சுற்றத் தொடங்கியபோது
ஒரு சத்தமும் இல்லை.
என் வயிற்றுக்குள் யாரோ ஏணியை இழுத்தார்கள்.
பிறகு மூன்றாம் வரிசையில்
மீன் ஆலைச் சட்டையோடு வந்திருந்த ஒரு பெண்
மூக்கால் சிரித்தாள், பன்றிபோல, வெட்கமில்லாமல்.
அவள் பக்கத்து ஆள் அவளைப் பார்த்துச் சிரித்தான்.
மற்றவர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று
இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
தொப்பியைக் கழற்றியபோது
நாற்காலிகள் கிறீச்சிட்டன.

பிறகு லாரி கவிழ்ந்தது.
நாலாயிரம் லிட்டர்.
ஒருவர் இருமினார்.

வெளியே வந்ததும் வெசா என் தோளைப் பிடித்தார்.
"ஐந்தாவதில் ரெண்டு ஏணி.
ரெண்டுமே விழாது!"
கண்கள் மின்னின. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அர்மாஸ் அப்போது
அரங்கின் வாசற்படிகளில் இறங்கிக்கொண்டிருந்தார்,
கைப்பிடியை இறுக்கிப் பிடித்து,
பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக.
பின்னால் வந்த கூட்டம் அப்படியே நின்றது.
சிரிக்கலாமா என்று கேட்பதுபோல்
ஒரு பையன் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.
அப்பா
அர்மாஸின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.