இட்லி மாவு ஆர்டர்

முதலில் வைத்த பெயர் ஏலக்காட்டு அக்கா தங்கச்சிகள்.
ஒன்பது நாள் தாங்கியது.
பத்தாம் நாள் சுருளியம்மாவின் புருஷன்
கூடலூர் டீக்கடையில் உட்கார்ந்து
எங்கள் குரல்களை ஒவ்வொன்றாக
ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டிருக்கிறான்.

மைமூன்தான் சொன்னாள்,
எந்த ஆம்பள அடுப்படிக் கணக்கத் தொறந்து பாப்பான்?
அன்றிலிருந்து நாங்கள் இட்லி மாவு ஆர்டர்.
முகப்புப் படம் ஒரு எவர்சில்வர் குண்டான்.

முப்பத்தோரு பேர்.
எழுதத் தெரிந்தவர்கள் ஏழு.
மற்றவர்கள் பேசி அனுப்புவார்கள்
ஈரக் கையால் பட்டனை அழுத்தி,
பாதி வார்த்தையில் குழாயை மூடிக்கொண்டு.

மாவு புளிச்சிருச்சு என்றால்
கங்காணி விடியும்போதே குடித்திருக்கிறான்,
தனியாகக் காட்டுக்குள் போகாதே.
தண்ணி ஜாஸ்தி என்றால்
ரெண்டாவது ஜீப்பில் பதினெட்டுப் பேர், ஏறாதே.
உப்புப் போடலை என்றால்
கூலி இந்த வாரமும் இல்லை.
பாக்கெட் கிழிஞ்சிருச்சு என்று
ஒருத்தி அனுப்பினால்
அன்றைக்கு யாரும் பதில் போடமாட்டோம்.
நேரில் போவோம்.

ஓமனாவுக்கு மட்டும் இந்தப் பாஷை பிடிபடவில்லை.
வண்டன்மேட்டுக்காரி,
எங்கள் வரிசையிலேயே குனிந்து காய் எடுப்பவள்.
ஞாயிறானால் ஒரு குரல்:
ரண்டு பாக்கெட் வேணம், சேச்சி.
விளக்கிச் சொன்னோம். தலையாட்டினாள்.
அடுத்த ஞாயிறும் கேட்டாள்.
அதனால் இரண்டு பாக்கெட் நிஜ மாவு
திங்கட்கிழமை இருட்டோடு
என் மடியில் பொங்கிக்கொண்டு
கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறும்.
செக்போஸ்ட் தாண்டினால் டவர் மாறும்.
கேரளம் வரவேற்பது
அத்தனை பேர் இடுப்பிலும்
ஒரே சமயத்தில் அதிரும்.

ஆவணி கடைசியில் சாம்பல் எழுத்தில் வந்தது
போதுமணி வெளியேறினார்.
வெளியேறினார்!
அவளை ‘ர்’ போட்டு யாரும் அழைத்ததில்லை,
ரேஷன் கடையில்கூட.

போனோம். பூட்டு தொங்கியது.
அம்மா வீட்டுக்குப் போயிருக்கா என்றது பக்கத்து வீடு.
அவளுக்கு அம்மா இல்லையென்று
எங்கள் முப்பது பேருக்கும் தெரியும்.
மைமூன் பூட்டைப் பிடித்து ஒருமுறை ஆட்டினாள்.
திரும்பி நடந்தோம்.

நேற்றிரவு பதினொன்றரைக்கு
தெரியாத எண்ணிலிருந்து,
மாவு கிடைக்குமா?

அவளா.
அவளை அடித்து அர்த்தம் தெரிந்துகொண்ட அவனா.
போனை அடுப்படிக்குக் கொண்டுபோய்
கிரைண்டர் மேல் சாய்த்து வைத்தேன்.
எத்தனை பாக்கெட் என்று போட்டேன்.
எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது.
எழுதுகிறார். நின்றது.
விலை கேட்டால் அவன்,
அப்படி எனக்குள் ஒரு கணக்கு.

விலை வரவில்லை.
நாலு விநாடிக் குரல் ஒன்று வந்தது.
அதில் பேச்சில்லை.
ராத்திரியெல்லாம் ஏலக்காய் காயும் ஸ்டோரின்
விசிறி இரைச்சல்.
அதற்கு அடியில் இருமல்:
ரெண்டு சின்னது, ஒன்று விழுங்கினது.
மருந்தடித்த மறுநாள்களில்
எனக்கு இடப்பக்கத்து வரிசையில் கேட்குமே, அது.

ஆனாலும் குழுவில் சேர்க்கவில்லை.
முப்பது பேர் இருக்கிறார்கள்,
இருமலை நம்பித் திறக்க முடியுமா கதவை?

இன்று காலை அரிசி அள்ளும்போது
கை தன்பாட்டுக்கு ஒரு ஆழாக்கு கூட அள்ளியது.
நாளை மூன்று பாக்கெட்.

மூன்றாவதை ஓமனாவிடம் கொடுப்பேன்.
எந்த ஸ்டோர், எந்த லயம் எல்லாம் அவளுக்கு அத்துபடி.
இருமுகிற தமிழ்ச் சேச்சி ஒருத்தி
மாவு கேட்டிருக்கிறாள் என்பேன்.
கதவு கதவாய்த் தட்டிக் கேட்பாள்,
மாவுதான் என்று
நம்பிக்கொண்டு.