காயம்பட்ட நேரம்

பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு:
காயம்பட்ட நேரம்.
எட்டு வருடமாக அதில் ஒரு கோடு மட்டும் கிழிக்கிறோம்.

நேற்றிரவு மாதப்பன்.
மாங்கூழ் டின் ஏற்றிய லாரி,
தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை.
எப்போது என்று கிளீனரைக் கேட்டேன்.
"இருட்டா இருந்துச்சு மேடம்."

வயிற்றைத் திறந்தால்
பாலக்கோடு சந்தையில் காலில் மிதிபட்ட தக்காளி;
அதுதான் மண்ணீரல்.
இரு கையும் உள்ளே விட்டு
அழுத்திக்கொண்டு நின்றேன்.
தருமபுரியில் அப்போது
ஒரே ஒரு பை ஓ நெகட்டிவ்.
முனிரத்தினம் சேலத்துக்குப் போன் போட்டபடி
வராந்தாவில் செருப்பில்லாமல் நடந்தார்.

பிழைத்துவிட்டான்.

போன மாதம் இதே மேசை, இதே கைகள்,
இதே மாதிரி கிழிந்த மண்ணீரல்.
காரிமங்கலத்துப் பையன் பிழைக்கவில்லை.
ஏன்?
"இவருக்கு ஆயுசு கெட்டி" என்கிறாள் மாதப்பன் மனைவி.
இருக்கலாம்.
அதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

நான் படித்த புத்தகத்தில் இருப்பது
ஹெலிகாப்டர் இறங்கும் ஊர்களில்
எண்ணிய ரத்தம்.
மினி டெம்போவில், தார்ப்பாயில் சுருட்டி,
வழியில் யாரோ வாயில் சோடா ஊற்றி,
கொண்டுவந்த தூரத்தைப் பற்றி
ஒரு வரி இல்லை.
நாங்கள் அறுக்கிறோம், தைக்கிறோம்,
அடுத்த ஸ்ட்ரெச்சருக்குத் திரும்புகிறோம்.
எண்ண ஆளில்லை.
எண்ணுவதற்குச் சம்பளமும் இல்லை.

தோல் மருத்துவம் எடுத்திருந்தால்
தீபாவளிக்காவது வீட்டில் இருந்திருப்பாய் என்பார் கணவர்.
அவர் சொல்வது தப்பில்லை.

காலையில் ஹவுஸ் சர்ஜன் ஷபீனா
கண் சிவக்க ஓடிவந்தாள்.
ஓசூரிலிருக்கும் லாரி முதலாளிக்குப் போன் போட்டிருக்கிறாள்.
சரக்கு என்னாச்சு என்று கேட்டவரிடம்
சுங்கம் பிடித்த குறுஞ்செய்தியை வாசிக்கச் சொல்லியிருக்கிறாள்.
பாளையம் சுங்கச்சாவடி, 1.52.
அங்கிருந்து வளைவுக்குப் பத்து நிமிடம்.
இங்கே சேர்த்தது 2.50.

நாற்பத்தெட்டு நிமிடம்!
ரத்தம் எப்போது ஒழுகத் தொடங்கியது என்று
யாருக்கும் தெரியாத நாட்டில்
பணம் எப்போது எடுத்தார்கள் என்பது
நொடிக்கணக்காக இருக்கிறது.

கட்டத்தில் எழுதினேன்: 2.02, உத்தேசமாக.
பேனா கொஞ்சம் நடுங்கியது, தூக்கமில்லாததால்.

பழைய பக்கங்களைப் புரட்டினாள் ஷபீனா.
லாரி, லாரி, கார், வேன்.
இவர்களுக்கெல்லாம் கேட்டுவிடலாம் மேடம்.
காரிமங்கலத்துப் பையன் வரியில்
விரல் நின்றது.

அவன் பைக்கில் வந்தவன்.
பைக்குக்குச் சுங்கம் கிடையாது.