ஏழாவது ஷாட்

பசைச் சட்டி கவிழ வேண்டும்,
கதைப்படி அவ்வளவுதான்.
செருப்புப் பட்டறையின் மேசையில் கவிழ்ந்த பசை
விளிம்புவரை ஊர்ந்து
ஒரே ஒரு சொட்டு
கீழே ஸ்டூலில் எரியும் விளக்கின்மேல் விழ வேண்டும்.
பிறகு தீ.
நான்கு நொடி. தொண்ணூற்றாறு பிரேம்.

நவம்பரில் ஆரம்பித்தோம்.
இப்போது பிப்ரவரி.

ஸ்லீன் நகரத்துச் செங்கல் கட்டடம் ஒன்றின்
நான்காம் மாடி. வெளியே மைனஸ் ஒன்பது.
இருந்தும் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம்:
இல்லாத நெருப்பைக் கணக்குப் போட்டே
சூடேறிக் கிடக்கின்றன எட்டு கம்ப்யூட்டர்கள்.
கீழே ட்ராலிபஸ் கம்பியை உரசிக்கொண்டு போகிறது.
இரவு பதினொன்றுக்கு மேல் அதுவும் இல்லை.

பசை வெண்டுலாவின் பாடு.
தீ என் பாடு.
ஓட்டகாருக்கு ஒளி. அவன் முறை இன்னும் வராததால்
சூப் வாங்கி வருவான்.

முதல் பசை தண்ணீராய்ச் சிதறியது.
இரண்டாவது மேசையைத் துளைத்தது, தரையைத் துளைத்தது,
உலகம் என்று நாங்கள் வரைந்து வைத்ததன் அடியையும் கடந்து
விழுந்துகொண்டே இருந்தது.
நிறுத்த மறந்து சாப்பிடப் போய்விட்டோம்;
திரும்பி வந்தபோது ஹார்ட் டிஸ்க் நிரம்பியிருந்தது,
பாதாளத்தால்.

வெண்டுலா ஒரு தேன் பாட்டில் வாங்கினாள்.
கரண்டியிலிருந்து வடியவிட்டுப் போனில் படமெடுத்தாள்.
கம்பிப் பதம்.
நூலாய் இறங்கி, தட்டைத் தொட்டதும்
சுருள் சுருளாய்த்
தன்மேலேயே படுத்துக்கொள்கிறது.
"இது வேணும் எனக்கு" என்றாள்.
பிசுக்கின் எண்ணை ஏற்றினாள்: நூறு. ஆயிரம்.
பூஜ்யத்துக்கு மேல் பூஜ்யம்.

என் தீயோ பஞ்சு.
"குளிருதுன்னு போர்வை போத்திக்கிச்சா?"
என்று கேட்டான் ஓட்டகார்.
நான் அவன் சூப்பைக் குடிக்கவில்லை அன்று.

ஜனவரி கடைசியில் ஓர் இரவு எல்லாம் கூடி வந்தது.
சொட்டு விளிம்பில் தயங்கியது,
கழுத்து மெலிந்தது, அறுந்தது,
இரண்டரை நொடி விழுந்தது.
என் சுவாலை கோயில் யானைபோல
அசைந்து அசைந்து எழுந்தது.
என்ன கம்பீரம் என்றோம். பியர் வாங்கினோம்.

மறுநாள் ஓட்டகார் தன் விளக்கை வைத்தான்.
நாற்பது வாட்.
அறை இருட்டாகவே இருந்தது.
நானூறு. நாலாயிரம். இருட்டு.
அப்புறம்தான் அளவுகோலை எடுத்தான்.
வெகுநேரம் பேசவில்லை.

"மேசையோட உயரம்
எண்பது மீட்டர்."

நாங்கள் வடித்தது பசை இல்லை, ஓர் அருவி.
அதனால்தான் எத்தனை பூஜ்யம் கட்டியும்
தண்ணீர்போலவே துள்ளியது.
நான் மூட்டியது விளக்குத் தீ இல்லை,
தொலைவில் நின்று பார்த்த காட்டுத் தீ.
நிதானம் என்று நாங்கள் மெச்சியதெல்லாம்
வெறும் தூரம்.

சுருக்கினோம். நூறில் ஒன்று.
மேசை இடுப்புக்கு வந்தது. விளக்கு பளிச்சென்று எரிந்தது.
சட்டி கவிழ்ந்தது,
பசை நகரவில்லை.
தொண்ணூற்றாறு பிரேமும்
தலைகீழ்ச் சட்டிக்குள் கல்லாய் உட்கார்ந்திருந்தது.
சொட்டு இல்லாததால்
என் தீக்கும் விடுமுறை.

வியாழக்கிழமை படத்தைக் கொடுக்க வேண்டும்.
இன்று திங்கள், அதுவும் முடியப் போகிறது.
வெண்டுலா அழுவாள் என்று நினைத்தேன்.
ஜன்னல் விளிம்பில் விறைத்துக் கிடந்த தேன் பாட்டிலில்
கரண்டியைக் குத்தி எடுத்துத்
தலைகீழாகப் பிடித்தாள்.
விழவில்லை.

மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இதுக்கு எத்தனை பூஜ்யம்?" என்றான் ஓட்டகார்.
அவள் கரண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு
விசைப்பலகைக்குப் போனாள்.
ஒரு பூஜ்யத்தை அழித்தாள்.
யோசித்து, இன்னொன்றை.

முதல் பிரேம் ஓடுகிறது.
ஓட்டகாரின் கை இன்னும் நீட்டியபடி.
அறைச் சூட்டில்
கரண்டியின் நுனி மட்டும்
கொஞ்சம் பளபளக்கிறது.