ஈரம் மூன்று சதவீதம்

ஜுபைலில் மலை கிடையாது.
தரையைக் கீறினால் உப்பு.
நான் மட்டும் இரவு பத்து மணிக்கு மேல்
ஆயிரத்து நானூறு மீட்டர் பாறையை
மடிக்கணினியில் ஏற்றி
அதன் அடியில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அங்கே ஒரு தொட்டி. திரவ செனான்.
இருண்ட பொருள் என்றாவது ஒருநாள்
ஓர் அணுக்கருவை லேசாக இடித்துவிட்டுப் போகும் என்று
ஐந்து நாடுகள் காத்திருக்கின்றன.
அதைத் தேடுவது என் வேலையில்லை.
அதைப் போலவே இடிக்கும் நியூட்ரான்கள்
வருடத்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும்.
கல்யாண மண்டபத்தில்
மாப்பிள்ளை வரும் திசையைப் பாராமல்
வாசல் செருப்புகளை எண்ணுகிறவள் மாதிரி.

இகாமாவில் என் தொழில் இல்லத்தரசி.
அந்த அட்டையின் கடைசி ஏழு இலக்கங்களைத்தான்
சீரற்ற எண்களுக்கு விதையாகக் கொடுப்பேன்.
முளைக்கும் பத்துக் கோடியில்
பலதும் பாறையிலேயே செத்துவிடும்.
இரண்டு இடத்தில் இடித்தால் பிடித்துவிடலாம்.
ஒரே ஓர் இடி இடித்துவிட்டு நழுவுவதுதான்
தொந்தரவு.

போன வாரம் கணக்கு ஏறிவிட்டது.
0.2 இருக்க வேண்டிய இடத்தில் 0.9.
'இது நிஜமா?' என்று ஒற்றை வரியில் மின்னஞ்சல்.
டெஃப்லானைச் சந்தேகித்தேன். பற்றவைப்பை,
ஒளிக்குழாய்களின் கண்ணாடியை.
மூன்று இரவு.

ஆகஸ்டில் ஏசியின் வாளி
இரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும்.
மாற்றப் போனவள் வாளியோடு நின்றேன்.

என் பாறையில் ஈரமே இல்லை.
பூஜ்யம் என்று யாரோ அடித்திருக்கிறார்கள்.
யாரோ என்ன, நான்தான்.
ஈயத்துக்கு அடங்காது நியூட்ரான்.
தன் எடையே உள்ள ஹைட்ரஜன்
எதிரே வந்து முட்டினால்தான் தளரும்.
காய்ந்த மலைக்குள்
ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, பாவம்.

மூன்று சதவீதம் என்று திருத்தினேன்.
மறுபடி பத்துக் கோடி.

விடிந்து ஜெரால்டு வந்தான், நைட் ஷிஃப்ட் கண்ணோடு.
பாலிஎத்திலீன் ஆலை. ஷூவைக் கவிழ்த்தால்
ஜவ்வரிசி போல நாலைந்து மணிகள் உருளும்.
என் தொட்டியைச் சுற்றி நாற்பது சென்டிமீட்டர்
இதே பிளாஸ்டிக்தான் என்றால்
"எங்க லாட்டா இருக்கும்" என்பான்,
ஒவ்வொரு தடவையும்.

"எத்தனை?"
0.21.
"பூஜ்யம் ஆகாதா?"
ஆகாது. தொட்டி செய்த எஃகிலேயே இருக்கிறது.
பார்க்கிற கண்ணாடியிலேயே இருக்கிறது.

பதிலைக் கேட்காமல் தூங்கியிருந்தான்.
சொட்டுச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.
ஒரு மணி குதிகாலில் குத்தியது;
எடுத்து வாளிக்குள் போட்டேன்.
மிதந்தது.