வாய் வருவதற்கு முன்

பூட்ஸைக் கழற்றிவிடுங்கள்.
இனிமேல் காலுறையோடுதான்.
கோயில் என்பதற்காக இல்லை,
பாறை தேயும்.

மூடுபனியில் இதைக் கேப் ரேஸ் என்று நம்பித்
திரும்பிய கப்பல்கள் இங்கேதான் உடைந்தன.
பெயர் வைத்தவன் யோக்கியன்:
தப்புக்கணக்கு முனை.

குனியுங்கள். கொஞ்சம் பொறுங்கள்.
சாய்வெயில் பட்டால்தான் எழுந்து வரும்.
அதோ, பெரணி இலைபோல.
ஆனால் செடியில்லை. வெயில் எட்டாத கடல்தரையில்
எந்தச் செடி முளைக்கும்?
கிளைக்குள் கிளை,
அதற்குள்ளும் அதே கிளை.
ஐம்பத்தாறரைக் கோடி வருடம்.

அதற்கு முன்னால் முந்நூறு கோடி வருடம்
வெறும் வழவழப்பு;
கண்ணுக்குத் தெரியாததன் மேல்
கண்ணுக்குத் தெரியாதது படிந்து படிந்து.
யாருக்கும் அவசரமில்லை.

பிறகு இவை நிமிர்ந்து நின்றன.
வாய் கிடையாது. வயிறு கிடையாது.
தோலாலேயே கடலைக் குடித்தன.
துரத்த ஒன்றுமில்லை, ஒளிய ஒன்றுமில்லை.
எல்லாம் ஒரே பக்கமாய்ச் சாய்ந்திருக்கின்றன பாருங்கள்,
அன்றைக்கு நீரோட்டம் போன பக்கம்.
மேலே எரிமலைச் சாம்பல் வந்து மூடியது.

போன வாரம் ரெஜைனாவிலிருந்து வந்த ஒரு பொடியன் கேட்டான்,
"பசிக்காதா?"
பசித்திருக்கும், தம்பி.
கேட்க வாயில்லை.

நான் மீன் ஆலையில் பதினோரு வருடம்
காட் மீனின் நாக்கு அறுத்தவள்.
தலையை ஆணியில் குத்தி நிறுத்தி
ஒரே வீச்சு. வாளி வாளியாய் நாக்கு.
தொண்ணூற்றிரண்டில் கடலில் மீன் இல்லை என்றார்கள்.
ஆலைக்குப் பூட்டு.
டெர்மட் ஆல்பர்ட்டாவுக்குப் போனான்,
மண்ணிலிருந்து எண்ணெய் பிழிய.
அதுவும் செத்துப்போன பழைய உயிர்கள்தானாம்.

வாயைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்.
அது வராமல் போயிருந்தால்
ராத்திரி பத்து மணிக்கு, மூவாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து
"கன்செப்டா, சாப்பிட்டாயா?" என்று
ஒருவன் எப்படிக் கேட்பான்?
சாப்பிடாமலே "ஆச்சு" என்று
நான்தான் எப்படிச் சொல்வேன்?

பனி ஏறுகிறது. போதும்.
அந்த நீளமானதை மிதிக்காமல்
ஓரமாக வாருங்கள்.
பையில் ரொட்டி இருக்கிறது,
பேக்ஆப்பிள் ஜாம் தடவியது.
பாறை மேல் வேண்டாம், துகள் விழும்.
புல்லுக்குப் போய்த் தின்போம்.