காந்தம் ஒட்டாத இடம்

பதினான்கு மாதம் கார் இரண்டாகக் கிடந்தது.
உடல் காக்கி புக்கிட்டில், க்வெக்கின் பட்டறையில்.
குடல் ஈசூனில், எங்கள் ஒன்பதாவது மாடியில்.

கீழே கார் நிறுத்துமிடத்தில் கழற்றிப் போடக்கூடாது, விதி.
அதனால் லிஃப்டில் ஏற்றினேன்
கார்பரேட்டரை, ரேடியேட்டரை,
கடைசியில் பின்சீட்டை
நிற்க முடியாத நோயாளியைப் போல அணைத்துப் பிடித்து.
எதிர்வீட்டு ரோஹானா மூக்கைச் சுருக்கி
என்ன சமையல் என்று மலாயில் கேட்டாள்.
அறுபத்தெட்டு மோரிஸ் என்றேன்.

குணாளன் ஒன்றும் சொல்லவில்லை.
ஐஸ் தட்டில் திருகாணிகளைக் கண்ட அன்று
ஐஸ் இல்லாமல் மைலோ குடித்தார்.
சத்தமாகக் குடித்தார்.

ஒவ்வொரு பாகத்திலும் டேப் ஒட்டித் தமிழில் எழுதினேன்:
முன்கதவு, இடது, மேல் கீல்.
க்வெக் பார்த்துச் சிரித்தார்.
அடுத்த வாரம் போனால் ஒவ்வொன்றின் கீழும்
பென்சிலில் சீனம்.
அவர் எழுத்து எனக்குத் தெரியாது, என்னுடையது அவருக்கு.
கீல்கள் போகவேண்டிய கதவுக்குப் போய்ச் சேர்ந்தன.

விற்றவர் சொன்னது:
ஒரே குடும்பம், ஒரு பல் மருத்துவர்,
ஞாயிறு தேவாலயத்துக்குப் போக, வர, அவ்வளவுதான்.
நம்பினேன்.
உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பதினெட்டு வருடமாய்
பிறர் டிக்கியைத் திறக்கச் சொல்கிறவள் நான்.

க்வெக் ஒரு காந்தம் கேட்டார்.
எங்கள் குளிர்பதனப் பெட்டியிலிருந்து கொண்டுபோனேன்,
பினாங்கில் வாங்கிய டுரியான்.
கதவில் வைத்தார். பிடித்தது.
பானெட்டில் பிடித்தது.
பின் மட்கார்டில் வைத்தார். விழுந்தது.
ஒரு சாண் தள்ளி வைத்தார். விழுந்தது.
மூன்றாம் முறை நான் வைத்தேன்,
என் கைக்காவது ஒட்டும் என்பதுபோல.
இரும்பே இல்லை, எல்லாம் பட்டி என்றார்.

ஜம்ரி மணல்தாள் பிடித்தான்.
வெள்ளை போனது, அடியில் நீலம்.
நீலம் போனது, அடியில் ஒரு பழுப்பு,
பூசியவனே வருந்தியிருக்கவேண்டிய பழுப்பு.
பிறகு கதவில் கறுப்பு.
கூரையில் மஞ்சள்.

யாரும் பேசவில்லை. கம்ப்ரெஸர் மட்டும் மூச்சு வாங்கியது.
"டாக்சி" என்றார் க்வெக்.

டேஷ்போர்டின் நான்கு துளைகள் அப்போது புரிந்தன,
ரேடியோ அல்ல, மீட்டர்.
பின்சீட்டு ஸ்பிரிங் இடப்பக்கம் மட்டும்
ஏன் அத்தனை தளர்ந்திருந்தது என்பதும்.
இடுக்கிலிருந்து எடுத்து வைத்திருந்தேன்
ஐந்து காசு, கொண்டை ஊசி, காலித் தைலப் புட்டி.
அவற்றைக் கொண்டு நான் கட்டியிருந்த
பல் மருத்துவர், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள்
கதவைத் திறந்து இறங்கிப் போனார்கள்,
கட்டணம் கொடுக்காமல்.

மறுபடி மஞ்சளே அடிக்கலாமா என்றான் ஜம்ரி, கண் மின்ன.
இரண்டு இரவு தூங்கவில்லை என்றால் பொய்.
நன்றாகவே தூங்கினேன்.
பால்வெள்ளை என்றேன், முன்பணம் கட்டியது அதற்குத்தான்.
கூடுதல் வெல்டிங்குக்கு இரண்டாயிரத்து நானூறு வெள்ளி.
பேரம் பேசினேன். இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது.
கூரையில் விளக்குப்பெட்டி நின்ற துளைகளை
அடைத்தாயிற்று என்றார், கணக்கில் சேர்க்காமல்.

ஆண்டுக்கு அனுமதித்த சில நாள்களில் முதல் நாள்.
மழை.
வைப்பர்களில் ஒன்று வேலை செய்தது,
மற்றது யோசித்துக்கொண்டிருந்தது.
முன்சீட்டில் என் கருவிப்பெட்டி,
அதனால் குணாளன் பின்னால், இடப்பக்கம்,
அந்தத் தளர்ந்த ஸ்பிரிங்கில்.

புக்கிட் தீமா தாண்டியதும் சொட்டியது.
அடைத்த இடத்திலிருந்துதான்,
கூரைத்துணியில் ஊறி, அவர் முழங்காலில் ஒன்று.
ஒரு சிக்னல் கழித்து இன்னொன்று.

கண்ணாடியில் பார்த்தேன்.
காரைப் பற்றிப் பதினான்கு மாதம் வாய் திறக்காதவர்
நனைந்த முழங்காலைத் துடைக்காமல் சொன்னார்:
"ஈசூன் போகணும்.
மீட்டர் ஓடுதுல்ல?"