நான்காவது துப்பு

கம்பெனி ஆண்டு விழா. படியூர்ப் பக்கம் வேலங்காடு.
"மூணு பனைக்கு மேற்கே மூடாத வாய்"
துண்டுச்சீட்டை ரத்தினாள் சத்தமாய்ப் படித்தாள்.

கிளுவை முள் துப்பட்டாவை இழுக்க
இறங்கினோம்.
பழைய கல்லுக்குழி.
அடியில் பச்சைத் தண்ணீர், ஒற்றைச் செருப்பு,
உளி கடித்த சுவரெல்லாம் மைக்கா மினுக்கம்.

பனியன் துணியில் ஓட்டை தேடியே
பதினொரு வருசம் தேய்ந்த கண் எனக்கு.
இத்தனை பெரிய ஓட்டையை
எந்தச் செக்கிங்கில் விட்டார்கள்?

விசில். ஹாட்பாக்ஸ் கட்டிங் செக்சனுக்குப் போய்விட்டது.
"வாங்கக்கா, சோறு ஆறுது."

வெங்கச்சங்கல் இடுக்கில்
நகக்கண் அளவு நீலம்.
வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தேன்: உள்ளே விரிசல்.
கைப்பழக்கம்,
ரிஜெக்ட் பக்கம் போடப் போனது.

டிபன் டப்பாவில் போட்டேன்.
திருப்பூர் வரைக்கும்
பஸ்ஸில் அது பேசிக்கொண்டே வந்தது.